‘மீண்டு வந்துவிட்டார்கள்’ என்னும் பொய்

2016 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை இரவு. டெக்ஸஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் டெக்ஸஸ் பல்கலைக்கழகமும் நோட்டர் டேம் பல்கலைக்கழகமும் மோதின. இரண்டும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பழம்பெரும் குடும்பங்கள். (இங்கே கால்பந்து என்பது உலகம் ஆடும் கால்பந்து அன்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்.) இரண்டு கூடுதல் சுற்றுகளுக்குப் பின் டெக்ஸஸ் 50க்கு 47 என்று வென்றபோது, தொலைக்காட்சி வர்ணனையாளர் டெக்ஸஸ் மீண்டு வந்துவிட்டதாக நாட்டுக்கே அறிவித்தார். அந்தப் பருவத்தின் முடிவில் டெக்ஸஸின் கணக்கு 5 வெற்றி, 7 தோல்வி. பயிற்றுநர் வேலை இழந்தார். தோற்ற நோட்டர் டேமின் கணக்கோ 4 வெற்றி, 8 தோல்வி.

அன்றிலிருந்து அந்த அறிவிப்பு அமெரிக்காவில் ஒரு கேலிச் சொல்லாகிவிட்டது. அதன் அடியில் கிடக்கும் நம்பிக்கையை மட்டும் எவரும் கேலி செய்வதில்லை. ஒவ்வோர் ஆகஸ்டிலும், பருவம் தொடங்கும் முன், பழைய ஜாம்பவான்கள் மீள்வார்களா என்ற கேள்வி விளையாட்டுப் பக்கங்களில் முளைத்துவிடுகிறது. நெப்ராஸ்கா மீளுமா, புளோரிடா ஸ்டேட் மீளுமா, டென்னசி மீளுமா என்று கணிப்பாளர்களின் தோரணையில் கேட்கிறார்கள். அது கணிப்பு அன்று, ஏக்கம். நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தக் கேள்வியே பிழையானது. மீளுதல் என்றால், முன்பிருந்த ஏதோ ஒன்று எங்கோ உறங்கிக்கொண்டிருக்கிறது, தட்டினால் எழுந்துவிடும் என்று பொருள். அப்படி எதுவும் உறங்கவில்லை. அந்த அணிகளின் பெருமைக்கு மரபு காரணம் அன்று. மரபு அந்தப் பெருமையின் நிழல். பெருமையைத் தாங்கியவை சில விதிகள், சில விலக்கல்கள், ஒரு மனிதரின் ஆயுட்காலம். அவை போயின, அதுவும் போயிற்று.

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நமக்கு இந்த வழக்கில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இலக்கிய வரலாற்று வகுப்பில் ‘பொற்காலம்’ என்ற சொல்லை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவிட்டு, யாருக்குப் பொன், யாருடைய செலவில் பொன் என்று மாணவர்களைக் கேட்கவைப்பது நம் தொழில். அந்தச் சொல் எந்த மண்ணில் புழங்கினாலும் காது கொடுக்காமல் இருக்க முடிவதில்லை.

இந்த ஏக்கத்தின் தலைநகரம் நெப்ராஸ்காவின் லிங்கன். பெரிய தொழில்முறை அணிகளில் ஒன்றுகூட இல்லாத வேளாண் மாநிலம் அது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் மெமோரியல் ஸ்டேடியம் அம்மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரமாகிவிடும் என்பார்கள். 1962 முதல் இன்றுவரை அங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எல்லாச் சீட்டுகளும் விற்றிருக்கின்றன. அந்த எண்ணிக்கை 400ஐத் தாண்டிவிட்டது. 1970, 1971, 1994, 1995, 1997 என்று ஐந்து தேசியப் பட்டங்கள். 1973 முதல் 1997 வரை பயிற்றுநராக இருந்த டாம் ஆஸ்போர்ன் 255 ஆட்டங்களில் வென்று 49இல் மட்டுமே தோற்றார். அவருடைய கடைசி ஐந்து பருவங்களில் 60 வெற்றி, 3 தோல்வி. இதைப் படிக்கும் எவருக்கும் ஒரு மாநிலம் ஏன் ஏங்குகிறது என்பது புரியும். நாமும் அதைக் கிண்டல் செய்யவில்லை.

ஆனால் அந்த 60க்கு 3 எங்கிருந்து வந்தது? மண்ணின் மைந்தர்களின் உழைப்பிலிருந்து என்பது லிங்கனின் பொதுப்புத்தி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. உதவித்தொகையே இல்லாமல் தாமாக வந்து சேரும் பண்ணை வீட்டுப் பிள்ளைகளை அந்த அணி ஆண்டுதோறும் பெருந்தொகையில் சேர்த்துப் பழக்கியது. 1969இலேயே எடைப் பயிற்சிக்கென்று பாய்ட் எப்லியைப் பணியமர்த்தியது. மற்றவர்கள் எடை தூக்கினால் தசை இறுகி ஓட்டம் கெடும் என்று அஞ்சிய காலம் அது. இருபது ஆண்டுகளில் எல்லாப் பல்கலைக்கழகங்களும் எடைக்கூடம் கட்டிக்கொண்டன. சேர்க்கை மதிப்பெண் தகுதியை முழுதாக எட்டாத ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ள நெப்ராஸ்கா இருந்த பழைய கூட்டமைப்பு இடமளித்தது. 1996இல் நான்கு டெக்ஸஸ் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து பிக் 12 கூட்டமைப்பு உருவானபோது அந்த வாசல் ஒடுங்கியது. ஆண்டுதோறும் ஓக்லஹோமாவுடன் நடந்துவந்த, மாநிலமே மூச்சைப் பிடித்துப் பார்த்த ஆட்டமும் அதோடு அறுந்தது. 2011இல் பிக் டென் கூட்டமைப்புக்குக் குடிபெயர்ந்ததில் டெக்ஸஸ் சிறுவர்களுக்கும் லிங்கனுக்கும் இருந்த தொடர்பு மேலும் நைந்தது. இவையெல்லாம் வேர்கள். இலையுதிர்ந்ததற்குப் பயிற்றுநரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வேரைப் பார்க்கவில்லை.

எந்தப் பொற்காலத்துக்கும் ஒரு பின்கட்டு உண்டு, லிங்கனுக்கும் உண்டு. 1995 பருவத்தில், முன்னாள் தோழியைத் தாக்கிய முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் இடைநீக்கம் செய்யப்பட்டு, அதே பருவத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டு, பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே களமிறக்கப்பட்டார். அந்த ஆட்டத்தில் நெப்ராஸ்கா 62க்கு 24 என்று வென்றது. ‘அந்த நாள் திரும்புமா’ என்று கேட்பவர்களிடம் அந்த நாளின் எந்தப் பகுதி என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இனி ஏக்கம் செய்த கேட்டைப் பார்ப்போம். ஆஸ்போர்னுக்குப் பின் வந்த ஃபிராங்க் சோலிச் ஆறு பருவங்களில் 58 வெற்றி, 19 தோல்வி. 2003இல் 9க்கு 3 என்ற கணக்கில் நின்றபோது அவரை வெளியேற்றினார்கள், இது போதாதாம். அடுத்த ஆண்டே 5 வெற்றி, 6 தோல்வி. 35 ஆண்டுகள் இடையறாது பெற்றுவந்த பருவ இறுதி பௌல் ஆட்ட வாய்ப்பு அறுந்தது. பிறகு வந்த போ பெலினி ஏழு பருவங்களிலும் ஒன்பது வெற்றிக்குக் குறையவில்லை. அதுவும் போதவில்லை, 2014இல் அவரும் அனுப்பப்பட்டார். கடைசியாக, மரபையே மனித உருவில் அழைத்து வந்தார்கள். ஸ்காட் ஃபிராஸ்ட் நெப்ராஸ்காவில் பிறந்தவர், 1997 பட்ட அணியின் குவார்ட்டர்பேக், 2017இல் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தைத் தோல்வியே இல்லாமல் நடத்தியவர். இதைவிடப் பொருத்தமான வாரிசு கதைகளில்தான் கிடைப்பான். முதல் பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றார். 2021இல் 3 வெற்றி, 9 தோல்வி. அந்த ஒன்பதிலும் பத்துப் புள்ளிக்குக் குறைந்த வித்தியாசம். மொத்தம் 16க்கு 31. 2022 செப்டம்பர் 11 அன்று விலக்கினார்கள். அக்டோபர் 1 வரை இருபதே நாள் பொறுத்திருந்தால் அவருக்குத் தரவேண்டிய இழப்பீடு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலரிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். பொறுக்க முடியவில்லை. அந்த அணி 1999க்குப் பின் ஒரு கூட்டமைப்புப் பட்டத்தைக்கூட வென்றதில்லை. ஒன்பது வெற்றியைச் சலிப்பு என்று எண்ணியவர்கள், 2024இல் ஏழு வெற்றி கண்டு, 2016க்குப் பின் முதன்முறையாக பௌல் ஆட்டம் கிடைத்ததைக் கொண்டாடினார்கள். இறந்தகாலத்தின் அளவுகோலால் நிகழ்காலத்தை அடித்தால் நிகழ்காலம்தான் முறியும்.

நெப்ராஸ்கா தனிக்கதை என்று ஒதுக்குபவர்கள் வடக்கே மினசோட்டாவைப் பார்க்கட்டும். 1934 முதல் 1941 வரையிலான எட்டுப் பருவங்களில் ஐந்து தேசியப் பட்டங்கள் அதற்குரியவை. கடைசிப் பட்டம் 1960இல். அந்த 1960 அணியின் குவார்ட்டர்பேக் சேண்டி ஸ்டீஃபன்ஸ் கறுப்பர். அதன் பெரும் தடுப்பாளர் பாபி பெல் தெற்கே வட கரோலினாவிலிருந்து வந்த கறுப்பர். பக்கத்து மிச்சிகன் ஸ்டேட் 1965, 1966இல் கோலோச்சியபோது அதன் தூண்களாக நின்ற பப்பா ஸ்மித் டெக்ஸஸிலிருந்தும், ஜார்ஜ் வெப்ஸ்டர் தென் கரோலினாவிலிருந்தும் வந்தவர்கள். ஏன் அவ்வளவு தொலைவு வந்தார்கள்? குளிரை விரும்பி அன்று. அவர்களுடைய சொந்த மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழக அணிகள் கறுப்பர்களைச் சேர்க்கவில்லை. டெக்ஸஸ் பல்கலைக்கழகம் 1969இல் வென்ற தேசியப் பட்டம் முழுக்க வெள்ளையர் அடங்கிய அணியின் பட்டம். அத்தகைய கடைசிப் பட்டமும் அதுவே. அலபாமாவில் பேர் பிரையண்ட் 1961, 1964, 1965இல் வென்றவையும் அப்படிப்பட்ட அணிகளைக் கொண்டுதான்.

1970 செப்டம்பரில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் பர்மிங்ஹாமுக்கு வந்து அலபாமாவை 42க்கு 21 என்று வீழ்த்தியது. கறுப்பினத்தவரான சாம் கன்னிங்ஹாம் அன்று 135 கெஜம் ஓடினார். அந்த ஒரே இரவில் தெற்கு மனம் திருந்திற்று என்று பின்னாளில் ஒரு புராணம் கட்டினார்கள். அது புராணம்தான், அலபாமா தன் முதல் கறுப்பு உதவித்தொகை ஆட்டக்காரர் வில்பர் ஜாக்சனை அதற்கு முன்பே சேர்த்திருந்தது. திருந்தியது மனமோ கணக்கோ, விளைவு ஒன்றுதான். தெற்கின் கதவு திறந்ததும் வடக்கின் வரத்து குறைந்தது. மினசோட்டா 1967க்குப் பின் பிக் டென் பட்டத்தைத் தொடவே இல்லை. வடக்கின் அந்த எழுச்சியில் ஒரு பங்கு தெற்கின் அநீதி ஈட்டித் தந்தது. அந்தப் பங்கு திரும்ப வேண்டுமென்று எவரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். ‘மரபு மீளட்டும்’ என்ற வாழ்த்துக்குள் அது பேசப்படாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சொல்லாடலில் நம்மை உறுத்துவது இந்த மௌனம்தான்.

விதிகளின் கதை இன்னும் வெளிப்படையானது, சுருங்கச் சொல்லலாம். 1973க்கு முன் உதவித்தொகை ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்கு நாடளாவிய வரம்பு இல்லை. பணக்கார அணிகள் தேவைக்கு மேல் ஆட்களைச் சேர்த்து வைத்துக்கொண்டன. தம் அணியில் ஆடாவிட்டாலும் எதிரணியில் ஆடாமல் இருந்தால் போதும் என்று. வரம்பு 105, பிறகு 95, 1994இல் 85 என்று இறங்கியது. தொலைக்காட்சி உரிமையை என்.சி.ஏ.ஏ. தன் பிடியில் வைத்திருந்தவரை சில பெயர்களையே நாடு திரும்பத் திரும்பப் பார்த்தது. 1984இல் உச்சநீதிமன்றம் அந்தப் பிடியை உடைத்தது. பிறகு ஒரு சிறுவன் எந்த மூலையில் ஆடினாலும் அவன் பாட்டி வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்ற நிலை படிப்படியாக வந்தது. பெயருக்காக மட்டும் சவுத் பெண்டுக்கோ லிங்கனுக்கோ போகவேண்டிய தேவை அவனுக்கு இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நாம் மறைக்கப்போவதில்லை. அலபாமா மீளவில்லையா? மீண்டது. பிரையண்டுக்குப் பிறகு தடுமாறி, 1992இல் ஒரு பட்டம் கண்டு, மறுபடி சரிந்து, 2007இல் நிக் சேபன் வந்தபின் 17 பருவங்களில் ஆறு பட்டங்கள். ஆனால் வந்தவர் யார்? மேற்கு வர்ஜீனியாவில் பிறந்து ஒஹையோவில் படித்தவர். அலபாமாவுக்காக ஒருநாளும் ஆடாதவர். அவருக்கு முன் அங்கே இருந்த மைக் ஷூலாதான் வீட்டுப் பிள்ளை, அலபாமாவின் பழைய குவார்ட்டர்பேக். அவர் காலத்தில் வெற்றியும் தோல்வியும் ஏறத்தாழச் சமம். அன்றைக்குக் கேள்விப்பட்டிராத ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் ஊதியத்தைச் சேபனுக்குத் தந்து, பிரையண்டின் நிழலைத் துணிந்து ஓரமாய் நகர்த்தினார்கள். அதை மீட்சி என்று சொல்வதைவிடப் புதுக்குடியேற்றம் என்பதே பொருத்தம்.

மிச்சிகன் நம் வாதத்துக்குச் சற்று இடைஞ்சல்தான். 2023 பட்டத்தை வென்ற ஜிம் ஹார்பா அங்கே குவார்ட்டர்பேக்காக ஆடியவர். வந்த ஆறாவது பருவமான 2020இல் 2 வெற்றி, 4 தோல்வி என்று விழுந்ததையும், பிறகு ஊதியம் குறைக்கப்பட்டு, உதவிப் பயிற்றுநர்களை மாற்றி, ஏறக்குறையப் புதிதாகத் தொடங்கியதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எதிரணியின் சைகைகளைத் திருடிய விவகாரத்தின் கறை அந்தப் பருவத்தின்மீது படிந்ததையும் சேர்த்துத்தான். மிச்சிகன் ஓர் ஆறு ஆண்டு பொறுத்தது. நெப்ராஸ்கா சோலிச்சுக்கும் பெலினிக்கும் அந்தப் பொறுமையைத் தந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பது விடை காணாத கேள்வி.

இனி 2021க்குப் பிந்தைய காலம். ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விற்றுப் பொருளீட்டலாம் என்ற அனுமதி அந்த ஜூலையில் வந்தது. பல்கலைக்கழகம் மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் தளர்ந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகத் தரலாம். பல பத்தாண்டுகள் கூலியின்றி உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கூலி கிடைப்பதை நாம் வரவேற்கிறோம். ‘மரபு கெட்டது’ என்று இதற்காக ஒப்பாரி வைப்பவர்களோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதே உடன்பாடு கால்பந்து அணிக்கு 105 பேர் என்று உச்சவரம்பு வைத்ததில் மட்டும் ஒரு வருத்தம் உண்டு. லிங்கனின் பண்ணைப் பிள்ளைகள் தாமாக வந்து நின்ற வரிசை அதில் குறுகிவிட்டது. நெப்ராஸ்காவின் மரபில் உண்மையிலேயே மதிக்கத்தக்க பகுதி அதுதான். போட்டியில் நீடிப்பதற்கான விலையாக அதுவே போகிறது.

இந்தப் புதிய ஏற்பாட்டில் எழுந்தது யார்? பெருங்குடும்பங்களின் பட்டியலில் எவரும் தேடாத இந்தியானா. நெடுங்காலம் நாட்டிலேயே மிக அதிகத் தோல்விகளைச் சுமந்த அணி. 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. ஜேம்ஸ் மேடிசன் என்ற சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டி வந்தார். தம் பழைய ஆட்டக்காரர்கள் பலரையும் அழைத்து வந்தார். 2024 அக்டோபர் 19 அன்று அந்த இந்தியானா, நெப்ராஸ்காவை 56க்கு 7 என்று மிதித்தது. 2025 பருவத்தில் 16 ஆட்டங்களிலும் வென்று, 2026 ஜனவரியில் மியாமியை 27க்கு 21 என்று வீழ்த்தித் தன் முதல் தேசியப் பட்டத்தைப் பெற்றது. அந்த இரவில் இரண்டு செய்திகள் பொதிந்திருந்தன. மியாமி, ஐந்து பட்டங்களின் பழைய ஜாம்பவான், தன் மண்ணின் மைந்தர் மரியோ கிறிஸ்டோபாலின் கீழ் அதுவரை வந்துசேர்ந்தது மெய். தென் புளோரிடாவின் ஆட்டக்கார வளம் அதன் வாசலிலேயே இருக்கிறது, மினசோட்டாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என்றாலும் மியாமியின் குவார்ட்டர்பேக் ஜார்ஜியாவிலிருந்து மாறி வந்தவர். இந்தியானாவின் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசாவோ மியாமியில் வளர்ந்து, கலிபோர்னியா பல்கலைக்கழகம் வழியாக இந்தியானா சேர்ந்தவர். ஊர்ப் பிள்ளை வெளியூரின் சட்டையணிந்து சொந்த ஊரில் வந்து சொந்த ஊரை வென்றான். இதில் மரபு எந்தப் பக்கம் நின்றது என்று யாரேனும் சொல்லட்டும்.

ஆகவே நெப்ராஸ்கா எழவே முடியாது என்று நாம் சாதிக்கவில்லை. இந்தியானா எழுந்தது என்றால் எவரும் எழலாம். எவரும் எழலாம் என்பதுதான் ‘மீட்சி’ பேசுபவர்களுக்குக் கசப்பது; வாரிசுக்கென்று தனிவாசல் இல்லை. 1967இல் பிக் டென் பட்டத்தை மூவர் பகிர்ந்துகொண்டார்கள்: மினசோட்டா, பர்டியூ, இந்தியானா. அப்போது அவர்களில் பெருங்குடிப் பெயர் மினசோட்டாவினுடையது. 58 ஆண்டுகளுக்குப் பின் சிம்மாசனம் ஏறியது வேறொரு பெயர்.

விலகிப் போகவும் ஒரு வழி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். சிகாகோ பல்கலைக்கழகம் பிக் டென்னின் நிறுவன உறுப்பினர். அமோஸ் அலான்சோ ஸ்டாக் அங்கே 1892 முதல் நாற்பதாண்டு பயிற்றுநர். ஹைஸ்மன் கோப்பையை 1935இல் முதன்முதலில் பெற்ற ஜே பெர்வாங்கர் அங்கத்தைய மாணவர். 1939இல் மிச்சிகனிடம் 85க்கு 0 என்று தோற்ற அணியை, அந்த ஆண்டின் இறுதியிலேயே தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் கலைத்தார். வெறிச்சோடிய ஸ்டாக் மைதானத்தின் மேற்குப் படிக்கட்டுகளுக்கு அடியில், 1942 டிசம்பர் 2 அன்று, என்ரிகோ ஃபெர்மியின் குழு மனிதன் கட்டுப்படுத்திய முதல் அணுத் தொடர்வினையை நிகழ்த்திற்று. அதன் விளைவு நன்மையா என்பது வேறு வழக்கு. கால்பந்து போனதால் சிகாகோ பல்கலைக்கழகமாக இருப்பதை நிறுத்திவிடவில்லை என்பது மட்டும் உறுதி. 1969இல் உதவித்தொகையோ ஆரவாரமோ இல்லாத சிறிய அளவில் ஆட்டத்தை மறுபடி தொடங்கிக்கொண்டது.

அந்தத் துணிச்சல் இன்று எவருக்கும் இல்லை. பென் ஸ்டேட் 2025 ஜனவரியில் அரையிறுதி வரை சென்றது. அதே அக்டோபரில் அதே பயிற்றுநரை வீட்டுக்கு அனுப்பியது. டெக்ஸஸ் ஏ அண்ட் எம் 2023இல் ஒரு பயிற்றுநரை வேலை செய்யாமல் இருக்கச்சொல்லி ஏழு கோடி டாலருக்கு மேல் தர ஒப்பியது. கல்லூரியில் வேலை பார்க்கும் நமக்கு இந்தத் தொகைகளைப் படிக்கும்போது நூலகத்துக்கு இந்த ஆண்டும் நிதி இல்லை என்று சொல்லும் குரல்கள் காதில் விழாமல் இருப்பதில்லை.

லிங்கனில் இதே மெமோரியல் ஸ்டேடியத்தில் 2023 ஆகஸ்ட் 30 அன்று புல்வெளியின் நடுவே ஒரு வலை கட்டினார்கள். நெப்ராஸ்காவின் மகளிர் வாலிபால் அணி ஆடியது. 1995, 2000, 2006, 2015, 2017 என்று ஐந்து தேசியப் பட்டங்கள் பெற்ற அணி. எவரும் அது மீளுமா என்று கேட்கத் தேவைப்படாத அணி. அன்று வந்தவர்கள் 92,003 பேர். பெண்கள் ஆடிய விளையாட்டு ஒன்றுக்கு உலகில் அதுவரை கூடிய மிகப் பெரிய கூட்டம் என்று அதைப் பரவலாக அறிவித்தார்கள். மறுநாள் இரவு மினியாபொலிஸில் நெப்ராஸ்காவின் கால்பந்து அணி, புதிய பயிற்றுநர் மேட் ரூலின் முதல் ஆட்டத்தில், மினசோட்டாவிடம் கடைசி நொடி உதையில் 13க்கு 10 என்று தோற்றது.